தைராய்டு மாத்திரையோடு கிளாண்டுலர் கேப்சூலும் சேர்த்துச் சாப்பிடலாமா?

மருதாணி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. நான்கு வருடமாகத் தைராய்டு குறைவு. ஹாஷிமோட்டோ, அதாவது நோயெதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய் என்று சொன்னார்கள், ஆன்டிபாடியும் பாசிட்டிவ். கண்டுபிடித்த அன்று டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இந்த எண் ஏறும், அதிகமானால் இறங்கும்) 18. இப்போது லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை 75 மைக்ரோகிராம் எடுக்கிறேன். போன மாதம் பார்த்ததில் டிஎஸ்ஹெச் 3.4. "நார்மல், இதையே தொடருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் நான் நார்மலாக இல்லை. காலையில் எழும்போதே அடித்துப் போட்டது போல இருக்கிறது. மற்றவர்களுக்கு வியர்க்கிற இடத்தில் எனக்குக் குளிர்கிறது. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. போன வாரம் என் மகளின் வகுப்பு ஆசிரியை பெயர் சட்டென்று மறந்துபோய், அவர் முன்னாலேயே திணறி நின்றேன். அன்று ராத்திரி அழுதேன்.

உறவுக்கார அக்கா ஒருவர் கிளாண்டுலர் கேப்சூல் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாட்டின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடியாக்கியது. "தைராக்சின் நீக்கப்பட்டது" என்று லேபிளில் போட்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்த வேண்டாம், கூடவே இதையும் எடு, ஒரு மாதத்தில் தெம்பு வரும் என்கிறார். இங்கே யாராவது இப்படிச் சேர்த்து எடுத்திருக்கிறீர்களா? பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

ஒற்றையடிப்பாதை

நான் எடுத்தேன் சகோதரி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது எனக்கு லெவோதைராக்சின் 100. உங்களைப் போலவே ரிப்போர்ட் நன்றாக இருந்தது, உடம்பு நன்றாக இல்லை. காலை ஒரு கேப்சூல், மதியம் ஒன்று என்று ஆரம்பித்தேன். ஐந்தாறு நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. விடியற்காலையில் தானாக விழிப்பு வந்தது, மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினேன். மனைவியிடம் "எனக்கு இத்தனை நாள் இதுதான் குறைச்சல்" என்று சொன்னேன்.

ஐந்தாவது வாரம் ராத்திரி படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தலையணையில் காதை வைத்தால் துடிப்புச் சத்தம் கேட்கும். கை நடுங்கியது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 0.05. மருத்துவர் பார்த்துவிட்டு லெவோதைராக்சின் அதிகமாகிவிட்டது என்று 75-ஆகக் குறைத்தார். கேப்சூல் விஷயத்தை நான் சொல்லவே இல்லை. அவர் கேட்கவில்லை. எனக்கும் திட்டு வாங்க பயம்.

அடுத்த இரண்டு வாரத்தில் பாட்டில் தீர்ந்தது, மறுபடி வாங்கவில்லை. இப்போது கேப்சூலும் இல்லை, மாத்திரையும் 75 தான். ஒன்றரை மாதத்தில் டிஎஸ்ஹெச் 11. முகம் வீங்கி, குரல் கரகரத்து, ஆரம்பத்தில் இருந்ததைவிட மோசமானேன். அப்போதுதான் பாட்டிலோடு போய் உண்மையைச் சொன்னேன். சரியான அளவுக்குத் திரும்ப ஐந்து மாதம் ஆனது.

முதல் மூன்று வாரத் தெம்பு பொய் இல்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்று எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

நிலாமுற்றம்

எதிர்க் கருத்தும் வர வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் இரண்டு வருடமாக லெவோதைராக்சின் 50-உடன் கிளாண்டுலர் எடுக்கிறேன். படபடப்பு இல்லை. வேலைக்குப் போகிறேன், வீட்டையும் பார்க்கிறேன். அதற்கு முன் மூன்று மருத்துவர்கள் "உங்களுக்கு ஒன்றுமில்லை, மன அழுத்தம்" என்றார்கள். ஒருவர் மனச்சோர்வு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

டிஎஸ்ஹெச் என்ற ஒரே எண்ணைப் பார்த்து ஒரு மனுஷியின் முழு உடம்பையும் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. லெவோதைராக்சின் வருவதற்கு முன்னால் எல்லோருக்கும் உலர்ந்த சுரப்பிதானே கொடுத்தார்கள்? அன்று மருந்தாக இருந்தது இன்று எப்படி ஆபத்தாகும்?

பழைய ஏடு

நிலாமுற்றம், உங்கள் கேள்வி நியாயமானது. அந்த வரலாறு எனக்குப் பிடித்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு முற்றிலும் செயலிழந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு வைத்தியமே கிடையாது. உடம்பு ஊதி, தோல் தடித்து, புத்தி மந்தமாகி, மெல்ல மெல்ல இறந்துபோவார்கள். இந்தப் பெண் எழுந்து நடமாடினார். அடுத்த வருடமே வாய் வழியாகக் கொடுத்தாலும் போதும் என்று மற்ற மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். அந்தப் பெண் 1919 வரை, 74 வயது வரை வாழ்ந்தார். அந்த 28 வருடத்துக்கு 870-க்கும் அதிகமான ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டதாக முர்ரே பிறகு எழுதினார். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு அழகான கதைகள் குறைவு.

அந்தச் சாற்றில் வேலை செய்தது எது என்று பிறகு தேடினார்கள். 1914 கிறிஸ்துமஸ் நாளில் எட்வர்ட் கெண்டல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுதான் தைராக்சின், நாம் டி4 என்பது. லெவோதைராக்சின் மாத்திரையில் இருப்பதும் இதுதான். 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார்கள். 1952-ல் கிராஸும் பிட்-ரிவர்ஸும் டி3 என்ற இன்னும் வீரியமான தைராய்டு ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். உடம்பு தானாகவே டி4-ஐ டி3 ஆக மாற்றிக்கொள்கிறது என்பது மனிதர்களில் 1970-ல்தான் உறுதியானது. அதன் பிறகே டி4 மட்டும் கொடுத்தால் போதும் என்ற வழக்கம் வேகமாகப் பரவியது.

ஆக, உலர்ந்த சுரப்பி குணப்படுத்தியது அதில் ஹார்மோன் இருந்ததால். ஹார்மோனை நீக்கிய சுரப்பியை யாரும் மருந்தாகக் கொடுத்ததில்லை.

கடலோரம்

ஹார்மோனை நீக்கிவிட்டால் அது வெறும் உணவுதான். வயிற்றில் போனால் எல்லாம் ஜீரணமாகிவிடும். இதற்குப் போய் ஏன் இத்தனை பயம்? கல்லீரல் சாப்பிடுகிறவர்கள் இல்லையா?

பழைய ஏடு

ஜீரணமாகிவிடும் என்பது இன்சுலின் போன்ற புரத ஹார்மோன்களுக்குச் சரி. அதனால்தான் இன்சுலினை ஊசியாகப் போடுகிறோம். டி3, டி4 இரண்டும் சின்ன மூலக்கூறுகள். வயிற்று அமிலமும் அவற்றை அழிக்காது, சமைக்கிற சூடும் அழிக்காது. நீங்கள் தினமும் மாத்திரையாக விழுங்குவது வேலை செய்வதே அதனால்தான்.

இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1984, 85-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் தென்மேற்கிலும், பக்கத்தில் தெற்கு டகோட்டா, அயோவா பகுதிகளிலும் திடீரென்று பலருக்குப் படபடப்பு, எடை குறைவு, தூக்கமின்மை. மொத்தம் 121 பேர். பரிசோதித்தால் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கம், ஆனால் அவர்களுடைய சொந்தச் சுரப்பியோ வேலையே செய்யவில்லை. தேடிப் பார்த்ததில், ஒரு இறைச்சிக்கூடத்தில் மாட்டின் தொண்டைப் பகுதித் தசையை வெட்டும்போது தைராய்டும் சேர்ந்து கொத்துக்கறியில் கலந்திருக்கிறது. சமைத்துச் சாப்பிட்டவர்களுக்குத்தான் இத்தனையும். அதன் பிறகு அந்தத் தொண்டைப் பகுதியை உணவுக்கு எடுப்பதையே அங்கே தடை செய்தார்கள்.

கல்லீரலில் தைராய்டு ஹார்மோன் சேமிப்பாக இருப்பதில்லை. தைராய்டு சுரப்பியில் வாரக்கணக்குக்குத் தேவையானது சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒப்பிட முடியாது.

மாத்திரைப்பெட்டி

நான் மருந்தாளுநர், இந்த வேலையில் 22 வருடம். மருதாணிக்கும் நிலாமுற்றத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், இங்கே இரண்டு வேறு பொருட்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. மருத்துவர் சீட்டில் கிடைக்கும் உலர்ந்த தைராய்டு மாத்திரை ஒன்று. பன்றியின் சுரப்பியிலிருந்து வருவது. அதில் 60 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 38 மைக்ரோகிராம் டி4, 9 மைக்ரோகிராம் டி3 என்று அளந்து வைக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் டி4-க்கும் டி3-க்கும் உள்ள விகிதம் நாலுக்கு ஒன்று. நம் சுரப்பியில் அது பதினாலுக்கு ஒன்று போல. நமக்கு அந்த டி3 கொஞ்சம் தூக்கல்.

கேப்சூலாக, சப்ளிமெண்ட் என்ற பெயரில் வருவது இன்னொன்று. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி, இப்படிப்பட்ட பொருட்களை விற்பதற்கு முன்னால் அவை வேலை செய்கின்றன, பாதுகாப்பானவை என்று அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை. உள்ளே எவ்வளவு ஹார்மோன் என்று லேபிளிலும் இருக்காது.

2013-ல் தைராய்டு ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. தைராய்டு ஆரோக்கியத்துக்கு என்று கடைகளில் விற்ற 10 சப்ளிமெண்ட்களை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தார்கள். 9-ல் டி3 இருந்தது. 5-ல் டி4 இருந்தது. டி3 ஒரு மாத்திரைக்கு 1.3 மைக்ரோகிராமிலிருந்து 25.4 மைக்ரோகிராம் வரை. லேபிளில் சொன்ன அளவில் சாப்பிட்டால் ஐந்து பொருட்கள் நாளுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் டி3 தரும். டி4 மிக அதிகமாக இருந்த ஒன்று நாளுக்கு 91.6 மைக்ரோகிராம் தரும். மருதாணி, நீங்கள் எடுக்கும் மாத்திரையே 75 தான்.

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தக் கேப்சூலில் ஹார்மோன் இருக்கிறது என்றால், நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் அதே மருந்தை அளவு தெரியாமல் இரண்டாவது முறை எடுக்கிறீர்கள். இல்லை என்றால், அதில் குறைவைச் சரிசெய்ய எதுவும் இல்லை. ஒற்றையடிப்பாதைக்கு நடந்தது முதல் வகை. டி3 விழுங்கிய சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு நாளில் பாதியாக இறங்கிவிடும். டி4 பாதியாக ஒரு வாரம் ஆகும். அதனால்தான் டி3-இன் தெம்பு அவ்வளவு சீக்கிரம் தெரிகிறது. படபடப்பும் அதே வழியில்தான் வருகிறது.

டிஎஸ்ஹெச் நீண்ட நாள் அடங்கிக் கிடந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தும், எலும்பு தேயும் ஆபத்தும் கூடும். வயதானவர்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது அதிகம்.

நிலாமுற்றம், உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நீங்கள் கிளாண்டுலர் எடுப்பது உங்கள் மருத்துவருக்குத் தெரியுமா?

நிலாமுற்றம்

தெரியாது. ஒரு முறை சொல்ல வாயெடுத்தேன். இணையத்தில் படித்ததை எல்லாம் இங்கே கொண்டுவராதீர்கள் என்றார். அதோடு விட்டேன்.

நீங்கள் சொன்ன ஆய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு ஆய்வும் இருக்கிறதே. 2013-லேயே வந்தது. 70 பேருக்கு லெவோதைராக்சினும் உலர்ந்த தைராய்டும் மாற்றி மாற்றி, எது எது என்று சொல்லாமல், ஒவ்வொன்றும் 16 வாரம் கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் உலர்ந்த தைராய்டுதான் வேண்டும் என்றார்கள். லெவோதைராக்சின்தான் வேண்டும் என்றவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. எங்களைப் போன்றவர்கள் கற்பனை செய்யவில்லை என்பதற்கு அது போதாதா?

மாத்திரைப்பெட்டி

போதும். நீங்கள் கற்பனை செய்வதாக நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். டிஎஸ்ஹெச் சரியாக இருந்தும் தொந்தரவு தீராதவர்கள் சிகிச்சை எடுப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்று மருத்துவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

அதே ஆய்வில் மொத்தமாகப் பார்க்கும்போது வாழ்க்கைத் தரம், அறிகுறிகள், ஞாபகசக்தி எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எடை சராசரியாக ஒன்றரைக் கிலோ போல குறைந்தது. முக்கியமாக, அங்கே கொடுத்தது அளந்த மாத்திரை. நடுநடுவே டிஎஸ்ஹெச் பார்த்து அளவைத் திருத்தினார்கள். உங்கள் தேவை டி3 என்றால் அதை அளந்து எடுக்க வழி இருக்கிறது. லெவோதைராக்சினோடு டி3 மாத்திரையைச் சேர்த்து, மருத்துவர் கண்காணிப்பில் சில மாதம் முயன்று பார்ப்பதை இன்று பல நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் ஏற்கிறார்கள். எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வெளிச்சத்தில் நடக்கும்.

வாயெடுத்தபோது அடக்கியது அந்த மருத்துவரின் தவறு. அதற்காக நீங்கள் மறைத்து வைத்திருப்பதால் நஷ்டம் உங்களுக்குத்தான். அவர் கேட்கவில்லை என்றால் கேட்கிற இன்னொருவரைத் தேடுங்கள்.

இளந்தளிர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் லெவோதைராக்சினோடு கிளாண்டுலர் எடுக்கிறேன், ஆறு வாரமாக. நாங்கள் குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். இதைத் தொடரலாமா?

மாத்திரைப்பெட்டி

வேண்டாம் அம்மா. நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் பாட்டிலைக் காட்டுங்கள். கருவின் தைராய்டு ஹார்மோன் சுரக்க ஆரம்பிப்பதே மூன்றாவது மாதம் முடியும்போதுதான். அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சி அம்மாவின் டி4-ஐ நம்பித்தான் இருக்கிறது. டி3 அங்கே போய்ச் சேருவது மிகக் குறைவு. டி3 தூக்கலான எதையாவது எடுத்தால் உங்கள் டிஎஸ்ஹெச் அழகாகத் தெரியும், டி4 மட்டும் குறைந்திருக்கும். இந்தச் சமயத்தில் அது நடக்கவே கூடாது.

ஆனால் லெவோதைராக்சினை நிறுத்திவிடாதீர்கள். கரு உறுதியானதும் அதன் அளவு 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டி வரும். தள்ளிப்போன அன்றே மருத்துவரைக் கூப்பிடுவதாக இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இளந்தளிர்

நன்றி அக்கா. காலையில் போகிறோம்.

மருதாணி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். தைராய்டு 40 மில்லிகிராம் தவிர அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) பொடி, டைரோசின் என்ற அமினோ அமிலம், கடற்பாசியிலிருந்து அயோடின் 225 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. இரண்டு கேப்சூலுக்கு இந்தக் கணக்கு. ஒரு நாளைக்கு நான்கு எடுக்கச் சொல்கிறது.

மாத்திரைப்பெட்டி

அப்படியானால் அயோடின் மட்டும் நாளுக்கு 450. பெரியவர்களுக்குத் தேவை 150, அது பெரும்பாலும் உப்பிலேயே கிடைத்துவிடும். ஹாஷிமோட்டோ இருப்பவர்களுக்கு அயோடின் கூடினால் சுரப்பி இன்னும் மந்தமாகலாம். உங்களுக்குக் குறைவு வந்தது அயோடின் பற்றாமல் இல்லை. உங்கள் நோயெதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதால். டைரோசினும் அப்படித்தான். ஹார்மோன் கட்ட அது வேண்டும் என்பது உண்மை, ஆனால் உங்களிடம் செங்கல் தட்டுப்பாடு இல்லை, கொத்தனார்தான் படுத்திருக்கிறார்.

அட்ரீனல் பொடிதான் எனக்கு ரொம்பக் கவலை. 2018-ல் 'அட்ரீனல் சோர்வு' என்று விற்கப்படும் 12 சப்ளிமெண்ட்களைச் சோதித்தார்கள். பன்னிரண்டிலும் டி3 இருந்தது, பெரும்பாலானவற்றில் ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வந்தால் உடம்பு தன்னுடையதைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

இதைப் படிப்பவர்களில் யாராவது நீண்ட நாளாக அட்ரீனல் கலந்ததை எடுத்துக்கொண்டிருந்தால், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

சோதனைக்குழாய்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மருதாணி, ஒரு சின்னக் கேள்வி. முடி கொட்டுகிறது என்றீர்கள். அதற்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா?

மருதாணி

ஆமாம், ஆறேழு மாதமாக. பயோட்டின் என்ற வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். அப்புறம் எலும்புக்குக் கால்சியம், காலைச் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டுவிடுவேன், அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு.

சோதனைக்குழாய்

நினைத்தேன். அந்த 3.4-ஐ நம்ப முடியாது.

பல இயந்திரங்கள் டிஎஸ்ஹெச்சைப் பிடிக்க பயோட்டினையே ஒரு கொக்கி போலப் பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்திலும் பயோட்டின் நிறைய மிதந்தால் அது கொக்கி மாட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்போது டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4, டி3 (ரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் ஹார்மோன்) உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டும். குறைவு உள்ளவருக்கு நார்மல் என்று வரும். நன்றாக இருப்பவருக்குத் தைராய்டு அதிகம் என்று வரும். எல்லா இயந்திரத்திலும் இப்படி இல்லை, ஆனால் உங்கள் ரத்தம் எதில் ஓடியது என்று நமக்குத் தெரியாதே. பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாள் பயோட்டினை நிறுத்த வேண்டும். உங்கள் அளவுக்கு நான்கு நாள் விடுங்கள்.

கூடத்தில் நாங்கள் கேட்பதெல்லாம் சாப்பிட்டீர்களா, இல்லையா என்றுதான். பயோட்டின் எடுக்கிறீர்களா என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. எனக்கு இது ரொம்ப நாளாக மனதை அறுக்கும் விஷயம்.

மாத்திரைப்பெட்டி

கால்சியமும் இரும்புச்சத்தும் லெவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். அரை மணி போதவே போதாது. மாத்திரை போட்ட கையோடு காபி குடிப்பதும் உறிஞ்சுதலைக் குறைக்கும். காலையில் இதெல்லாம் முடியாது என்றால் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம்.

மறுபடி பரிசோதிக்கும்போது ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு பி12 உறிஞ்சாமல் போகும் ரத்தசோகையும் சேர்ந்து வருவது உண்டு. ராத்திரி குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மருதாணி (மூன்று வாரம் கழித்து)

நான்கு நாள் பயோட்டினை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தேன். டிஎஸ்ஹெச் 7.9. ஃப்ரீ டி4 கீழ் எல்லையில். ஃபெரிட்டின் 8, ரொம்பக் குறைவு. பி12 பரவாயில்லை.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மோசமான ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி வரும் என்று நினைத்ததே இல்லை. ஆறு மாதமாக "சோம்பேறியாகிவிட்டாயோ" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த முறை எல்லா மாத்திரைகளையும், கிளாண்டுலர் பாட்டிலையும் சேர்த்து ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கோபிக்கவில்லை. லெவோதைராக்சின் அளவை இப்போதைக்கு மாற்ற வேண்டாம், முதலில் அது ஒழுங்காக உள்ளே போகட்டும் என்றார். கால்சியம் மதியத்துக்குப் போனது. இரும்பு ராத்திரி. எட்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. அந்தப் பாட்டில் வேண்டாம் என்றார். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன், அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

ஒற்றையடிப்பாதை

அக்காவுக்கு இந்த இழையைப் படிக்கக் கொடுங்கள். அவரும் சாப்பிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மருதாணி (எட்டு வாரம் கழித்து)

டிஎஸ்ஹெச் 2.2. மாத்திரை அதே 75 தான். ஃபெரிட்டின் 27, இன்னும் ஏற வேண்டும். குளிர் போய்விட்டது. காலையில் எழ முடிகிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் இன்னும் துவண்டுதான் போகிறேன், முடி கொட்டுவதும் நின்றபாடில்லை. முடிக்கு இன்னும் சில மாதம் ஆகும் என்றார் மருத்துவர். இரும்பு ஏறிய பிறகும் துவட்சி இருந்தால் டி3 பற்றிப் பேசலாம் என்று அவரே சொன்னார்.

ஒற்றையடிப்பாதை அண்ணா, நீங்கள் சொன்னபடி கேட்டேன். அக்காவும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்குத் தைராய்டு நோயே இல்லை, எடை குறைய என்று எடுத்திருக்கிறார். கூட்டிக்கொண்டு போய் ஈசிஜியும் ரத்தமும் பார்த்தோம். டிஎஸ்ஹெச் 0.1. இப்போது மருத்துவர் பார்வையில் நிறுத்தியிருக்கிறார்.

நிலாமுற்றம்

நான் இத்தனை நாள் எழுதவில்லை, ஆனால் படித்துக்கொண்டிருந்தேன். வேறு ஒரு மருத்துவரிடம் போனேன். பெண் மருத்துவர், வயதில் என்னைவிடச் சின்னவர். முக்கால் மணி நேரம் கேட்டார். என்னுடைய பாட்டிலில் அட்ரீனல் இல்லை, தைராய்டு மட்டும். அதை நிறுத்தி, லெவோதைராக்சினைக் கூட்டி, ஆறு வாரத்தில் டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4, டி3 மூன்றும் பார்க்கலாம், தேவைப்பட்டால் டி3 அளந்தே தருகிறேன் என்றார். எலும்பு ஸ்கேனும் எழுதினார்.

இன்று 23-வது நாள். முதல் வாரம் பரவாயில்லை. இப்போது கஷ்டமாக இருக்கிறது. பழைய களைப்பு திரும்பி வந்துவிடுமோ என்று ராத்திரியில் பயமாக இருக்கிறது. இரண்டு முறை பாட்டிலை எடுத்து மறுபடி வைத்துவிட்டேன். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், எத்தனை நாளில் சமாளிக்க முடியும்?

ஒற்றையடிப்பாதை

எனக்கு நான்காவது வாரம்தான் மிகக் கடினம். டி3 இறங்கிவிடும், கூட்டிய டி4 நிலைக்கு வர ஆறு வாரம் வரை ஆகும். அந்த நடுவில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். பாட்டிலை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள். தாங்க முடியவில்லை என்றால் ஆறு வாரம் வரை காத்திருக்காமல் அந்த மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், அவர் எடுப்பவர் போலத் தெரிகிறது.

நிலாமுற்றம்

பாட்டிலை என் மகனிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் 19 நாள். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.